ஊட்டாத முதல் வாய்ச் சோறு

பாபு,

போன் போட்டால் நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தாலும், "சொல்லுங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். நான் "சரி, அப்புறம் பேசறேன்" என்பேன். அதோடு முடிந்துவிடும். நெமிலிச்சேரியில் ரயில் ஏறினால் ஒரு பொட்டலம் வேர்க்கடலை தின்று முடிப்பதற்குள் கொரட்டூர் வந்துவிடுகிறது. இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்டி பக்கம் பக்கமா எழுதிகினு கீற? நேரா போயி சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்கிறாள். நேராகச் சொல்வதற்கு முதலில் விஷயம் எனக்கு நேராகப் புரிய வேண்டும். புரியவில்லை. எழுதினால் புரியுமா என்றும் தெரியவில்லை. இதைத் திவ்யாவுக்குக் காட்டு, உன் மாமனாருக்குக் காட்டு, வேண்டுமானால் ஆபீஸில் நாலு பேருக்குப் படித்துக் காட்டு, எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு மாதமாக ஆளாளுக்கு என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது.

கோயிலில் முதல் சோறு ஊட்டுகிற அன்று பேத்தி யாழினியை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போனேனே, அதற்குக் காரணம் அவள் பெண் குழந்தை என்பதல்ல. என் வாயில் கிருமி இருக்கிறது, உணவுக்குழாயில் புற்றுநோய் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்கள். அந்த வாயில் வைத்து எடுத்த சோற்றைப் பச்சைக் குழந்தைக்கு எப்படி ஊட்டுவது என்று பயந்துபோனேன். இதுதான் விஷயம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

நீ பதறாதே. பதறுவாய், தெரியும். ஆனால் முழுவதும் படித்துவிட்டுப் பதறு. கொஞ்ச நாளாகவே நெஞ்சுக்குள் எரிச்சல். சப்பாத்தி தின்றால் நடுவில் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே இறங்கும். கேஸ் டிரபிள் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன், சுக்குத் தண்ணீர் குடித்தேன், அதையும் கொதிக்கக் கொதிக்கத்தான் குடித்தேன். எரிகிற இடத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் அணையும் என்று எந்த மடையன் சொன்னான் என்று கேட்காதே, நானேதான் சொல்லிக்கொண்டேன். கடைசியில் உன் அம்மாவிடம் பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புளுகிவிட்டு, தனியாகப் போய் எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொண்டேன். குழாயை விட்டுப் பார்த்து, ஒரு துணுக்குச் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

டாக்டரம்மா நம் திவ்யா வயதுதான் இருப்பார். நிதானமாகப் பேசுகிறார். "உணவுக்குழாய் நடுவுல உள்தோல் ஒரு இடத்துல மாறியிருக்கு சார். இத இன்னும் கேன்சர்னு சொல்ல மாட்டோம். ஆனா அதுக்கு முந்தின படி. இப்படியே விட்டா கேன்சர் ஆகுறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். நல்ல வேளை, இப்பவே பார்த்துட்டோம். வயித்தக் கிழிக்க வேணாம், டியூப் வழியாவே அந்த இடத்தச் சீவி எடுத்துடலாம்" என்றார். கேன்சரா இல்லையா என்று மறுபடி கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் கவலை இல்லையா என்றேன். இருக்கிறது என்றார். ஆமாமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டுப் பழகினவன் நான். தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டிங் ஷாப்பில் இருந்துவிட்டேன். அங்கே ஒட்டு பிடித்திருக்கும், அல்லது பிடித்திருக்காது. நடுவில் ஒரு படி இருக்கிறது, அதில் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்றால் மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று விளங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாயைத் திறந்து பார்த்தவர், "ஈறெல்லாம் இவ்ளோ வீங்கியிருக்கே, எத்தன வருஷமா?" என்று கேட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஈறில் ரத்தம் வருகிறது. உடம்புச் சூடு என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும், உப்பு வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று காலத்தை ஓட்டினேன். ஆடின பல்லைப் பிடுங்கிப் போட்டேன், ஆடாத பல்லைக் கண்டுகொள்ளவில்லை. டாக்டரம்மா சொன்னார்: "ஈறு நோய்ல இருக்குற கிருமிகள, உணவுக்குழாய்ல கட்டி வந்தவங்களோட கட்டிக்குள்ளயும் பார்த்திருக்காங்க. எச்சிலோட கீழ இறங்கி அங்க போய் உக்காந்துக்குது. ஏற்கெனவே புண்பட்ட இடமா இருந்தா அதுக்கு வசதி. புண்ணு ஆறாம வீக்கம் நீடிக்கறதுக்கு அது துணை போகுதுன்னு தோணுது. அதுதான் காரணம்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது." நீயே சொல், இதில் எனக்கு எந்த வார்த்தை காதில் நிற்கும்? எச்சில் என்ற ஒரு வார்த்தைதான் நின்றது. எச்சில், கிருமி, கேன்சர். பல் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நல்ல காரியம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உன் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போது அப்பாவைப் பெற்றவர் மடியில் உட்கார வைத்து, குழைத்த சோற்றை விரலில் எடுத்து, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, ஊதி, அதே சோற்றைக் குழந்தை வாயில் வைக்க வேண்டும். உனக்கும் அப்படித்தான் ஊட்டினார்கள், எனக்கும் அப்படித்தான் ஊட்டியிருப்பார்கள். ஐயர் இலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார். யாழினி என் மடியில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நீ ஒரு பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தாய், உன் மாமனார் ஒரு பக்கம். பொங்கலை விரலில் எடுத்து உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று சொல்வதுபோல அந்த வார்த்தை காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. உதட்டில் படாமல் ஊட்டிவிடலாமா என்று பார்த்தால் சூடு ஆவி பறக்கிறது, ஊதலாமா என்று பார்த்தால் ஊதினாலும் எச்சில்தானே தெறிக்கும். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். "சம்மந்தி, நீங்க ஊட்டுங்க" என்று குழந்தையைத் தூக்கி உன் மாமனார் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

நீ பின்னாலேயே வந்தாய். "ஏம்பா, பொண்ணுன்றதாலதானே?" என்று கேட்டாய். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், பையன் என்று நினைத்துப் பேரெல்லாம் யோசித்து வைத்திருந்தேனே என்று வாய் தவறிச் சொன்னேன். அதை நீ மறக்கவில்லை. ஆனால் மறு நிமிடமே அவளைக் கையில் வாங்கினதும் அந்தப் பேர்களெல்லாம் எனக்கு மறந்துபோனது உனக்குத் தெரியாது. கோயிலில் வைத்து, சம்மந்தி வீட்டார் முன்னால், அந்த வியாதியின் பேரை எப்படிச் சொல்வது? "இல்லடா, சூடு..." என்று ஏதோ உளறினேன். "இன்னா சூடு? நீ எத்தத்தான் ஆற வச்சுக் குடிச்ச? இனிமே புள்ளைய இந்தப் பக்கம் கொண்டார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆபீஸ் தமிழ் பேசுகிற நீ, கோபம் வந்தால் மட்டும் நம்ம ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுகிறாய். அந்த நேரத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். நான் எதைத்தான் ஆற வைத்துக் குடித்தேன். ஷாப்பில் டீ வண்டி வந்தால் மணி அடிப்பதற்குள் குடித்து முடித்தாக வேண்டும். ஊதிக்கொண்டு நின்றால் கிண்டல் செய்வார்கள். கன்னியப்பன் என்று என் கூட்டாளி, நீ அவர் மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாய், கொதிக்கிற டீயை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். நானும் போட்டி போட்டேன். அப்படியே பழகி, ஆவி பறக்காத டீ எனக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை பாலை வாயில் வைத்துப் பார்த்து, "ஆறிடுச்சு, குடி" என்று கொடுத்தேன். நாக்கு வெந்துபோய் நீ அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து உனக்குக் கொடுக்கிற எதையும் உன் அம்மா என்னைச் சூடு பார்க்க விட்டதில்லை. எனக்குப் பதமான சூடு ஊருக்குக் கொதி என்று அன்றைக்கே தெரிந்துபோனது. அந்தக் கொதி தினமும் என் தொண்டைக்குள்ளும்தான் இறங்குகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

புகையிலை வேறு. ஷாப்பில் பீடி பற்ற வைக்க முடியாது, அதனால் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். விட்டு எத்தனை காலமாயிற்று. அப்புறம் ஏன்? நான் விட்டதற்குக் கணக்கே இல்லையா? கன்னியப்பன் இன்னும் விடவில்லை. அதே டீயைக் குடித்தவர், அதே புகையிலையை அடக்கினவர், பட்டாபிராமில் பேரனைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். போன வாரம் வழியில் பார்த்து, "இன்னா மாமே, மூஞ்சி வாடிப் போய் கீது" என்றார். எரிச்சலாக வந்தது. அவருக்கு வரவில்லையே என்று ஒரு நினைப்பு வந்து, சீ, இதென்ன புத்தி என்று வெட்கமாகவும் இருந்தது. அவருக்கு வர வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. எனக்கு மட்டும் ஏன் என்றுதான்.

இன்னொரு குழப்பம் கேள். சில வருஷம் முன்னால் எனக்கு அல்சர் வந்ததே, நினைவிருக்கிறதா. வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது, அதைக் கொல்ல வேண்டும் என்று கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் கசந்து போகிற மாத்திரை. ஒழுங்காகத் தின்று கிருமியை ஒழித்தேன். இப்போது சும்மா இருக்க மாட்டாமல் போனில் தேடிப் பார்த்தால், அந்த வயிற்றுக் கிருமி இருக்கிறவர்களுக்கு உணவுக்குழாயில் ஒரு வகைக் கேன்சர் குறைவாக வருகிறது என்று போட்டிருக்கிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. வாயில் இருக்கிற கிருமி கெடுதல், வயிற்றில் இருந்த கிருமி காவலா? காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேனா? யாரிடம் கேட்பது? டாக்டரம்மாவிடம் கேட்டால் சிரிப்பாரோ என்று பயம். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நீயும் இப்படித்தான் இருக்கிறாய், அதற்காகவும் எழுதுகிறேன். பையிலேயே ஜெலுசில் பாட்டில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் எதையாவது அவசரமாக விழுங்கிவிட்டு, எரிந்தால் ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறாய். பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ பல் தேய்த்துத் துப்பினதில் ரத்தம் இருந்ததைப் பார்த்தேன். அப்போது "சூடு ஏறியிருக்கு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று உனக்கும் அதையே சொன்னேன். அந்த யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளி, நல்லதுதான், ஆனால் பல் டாக்டரையும் பார். அடிக்கடி எரிந்தால் நீயாகப் பாட்டிலைத் தூக்காமல் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டு. எல்லா எரிச்சலும் கேன்சர் ஆகாது என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய நீயும் நானும் யார்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். அனுப்ப மனம் வரவில்லை. பாதி புரிந்ததை எழுதி உன் தலையிலும் ஏற்றி வைப்பானேன் என்று தோன்றியது. இதற்குள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "சிநேகிதனப் பாக்கப் போறேன்னு என்னாண்டியே பொய் சொல்லிட்டுப் போனியா" என்று அதற்குத்தான் முதலில் சண்டை பிடித்தாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "டாக்டர நானும் பாக்கணும், கூட்டிகினு போ" என்றாள். நேற்று இருவரும் போய் வந்தோம். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வயிற்றுக் கிருமியைத்தான் முதலில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது குறையுதுன்னு சொல்றது வேற வகை கேன்சர் சார். குழாயோட கீழ்ப் பக்கத்துல, ஆசிட் மேல வந்து வந்து புண்ணாகி வர்றது. அந்தக் கிருமி சிலருக்கு ஆசிட்டக் குறைச்சுடுது, அதனால இருக்கலாம்னு நினைக்கிறாங்க. உங்களுக்கு இருக்கறது நடுவுல, அது சூடு, புகையிலை, வாய்ப் புண்ணு எல்லாம் சேர்ந்து வர்ற வகை. அந்தக் கிருமி வயித்துலயே கேன்சர் உண்டாக்கும். அதக் கொன்னது சரிதான்" என்றார். கொஞ்சம் தெம்பு வந்தது. புகையிலையை விட்டது வீணா என்று கேட்டேன். "விடாம இருந்திருந்தா நீங்க இந்தப் படியில இல்ல, இன்னும் முத்தினப்புறம்தான் என்கிட்ட வந்திருப்பீங்க" என்றார். கன்னியப்பனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "தெரியல சார். நிஜமாவே தெரியல" என்றார். ஒரு டாக்டர் தெரியவில்லை என்று சொன்னதும் எனக்கு ஏனோ அவர் மேல் நம்பிக்கை கூடிவிட்டது.

அழற்சி என்று அடிக்கடி சொன்னார். உன் அம்மா, "அப்டின்னா இன்னாம்மா?" என்று கேட்டாள். "காயம் பட்டா அந்த இடம் செவந்து வீங்கி, உடம்பே அதச் சரி பண்ணப் பார்க்கும். அது நல்லதுதான். சரி பண்ணிட்டு நின்னுடணும். ஆறறதுக்குள்ள மறுபடி காயம், மறுபடி சரி பண்றதுன்னு வருஷக் கணக்கா நடந்தா, புதுசு புதுசா உண்டாகுற செல்லுல எங்கயாவது ஒரு தப்பு விழுந்துடும். அந்தத் தப்பு தங்கிட்டா வேற மாதிரி வளர ஆரம்பிக்கும்" என்றார். அது ஒன்றுதான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரே இடத்தில் விரிசல் விட்டு, அதே இடத்தை மறுபடி மறுபடி வெல்டிங் போட்டால் அந்த இடத்து இரும்பின் குணமே மாறிப்போகும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே முறுகிப் போயிருக்கும். இரும்புக்குத் தெரிந்த எனக்குத் தொண்டைக்குத் தெரியவில்லை பார்.

கடைசியில் உன் அம்மாதான் கேட்டாள். "பேத்திக்கு இவர் எச்சி பட்ட சோத்த ஊட்டலாமாம்மா? அதுக்குப் பயந்துகினு புள்ளைய தொடாமயே ஒக்காந்துகினு கீறாரு." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "கேன்சர் தொத்தாது சார்" என்றார். கிருமி தொற்றுமே என்றேன். "தொத்தும். வாய்க் கிருமி எல்லா வீட்லயும் ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் போய்க்கிட்டேதான் இருக்கு. போனதெல்லாம் நோய் ஆகாது. அது நோயாகறதுக்கு வருஷக் கணக்கா இடம் கொடுக்கணும். நீங்க ஈறுக்கு வைத்தியம் பார்த்துச் சுத்தமா வச்சுக்குங்க. வாயில வச்சு எடுத்தத கொடுக்காதீங்க, உங்களுக்குன்னு இல்ல, யாருமே குழந்தைக்கு அப்படிக் கொடுக்க வேணாம். தனி ஸ்பூன்ல ஊட்டுங்க. மடியில வச்சுக்குங்க, கொஞ்சுங்க. இதுக்குப் போய் புள்ளைய ஒதுக்கலாமா" என்றார். தொற்றாது, ஆனால் தொற்றும், தொற்றினாலும் பரவாயில்லை, ஆனால் கொடுக்காதே. இன்னும் எனக்கு முழுசாக விளங்கவில்லை, பாபு. ஆனால் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது நன்றாக விளங்கியது. அதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வருகிற ரயில் கொரட்டூரில் நின்றது. "எறங்கிடலாமா?" என்றாள் உன் அம்மா. நீ ஆபீஸில் இருப்பாய், திவ்யா எங்களைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள், வேண்டாம் என்றேன். ரயில் கிளம்பிவிட்டது. ஏரி கண்ணில் படும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது" என்றாள்.

"கோயிலுக்குப் போன அன்னிக்குக் காலைல நீ இட்லி துன்னுகினு இருந்தியே. புள்ள என் இடுப்புல இருந்துது. நீ பாதி இட்லியக் கடிச்சுத் தட்டுல வச்சிட்டு போனை நோண்டிகினு இருந்த. நான் உனுக்குச் சட்னி ஊத்தக் குனிஞ்சேன். அவ்ளோதான், உன் தட்டுலர்ந்து அந்தக் கடிச்ச இட்லில ஒரு துண்டு லபக்குனு பிச்சி வாய்ல போட்டுகினா. வெரல உட்டு எடுக்கறதுக்குள்ள முழுங்கிட்டா. முழுங்கிட்டுச் சிரிக்கிறா."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "விசேஷத்துக்கு முன்னாடியே புள்ள வாய்ல அன்னம் பட்டுட்டுதுன்னா சம்மந்தியம்மா இன்னா நெனைப்பாங்க? திவ்யா வேற, சோறு ஊட்டற வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னு சொல்லிகினே இருந்துது. நான் வாயத் தொடச்சி உட்டுட்டு கம்முனு இருந்துட்டேன். அப்பால நீ வியாதின்னு சொன்ன. அத்தக் கேட்டப்புறம் சொல்றதுக்கு எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. இன்னிக்கு அந்தம்மா சொன்னப்புறம்தான் உசுரே வந்துது."

அம்பத்தூர் வந்ததா போனதா எனக்குத் தெரியாது. சிரிக்க ஆரம்பித்தேன், எதிர் சீட்டில் இருந்த பெண் ஒருமாதிரி பார்த்தாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஊரே கூடி, ஐயர் மந்திரம் சொல்லி, எந்தச் சோற்றை அவள் வாயில் வைக்காமல் இருக்க உன் கோபத்தையெல்லாம் தாங்கிக்கொண்டேனோ, அதை அவள் காலையிலேயே என் தட்டிலிருந்து தானாக எடுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல என் மடியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடுங்கியிருக்கிறாள். வழக்கப்படி அவளுடைய முதல் சோறு தாத்தா வாயிலிருந்துதான் போயிருக்கிறது. பயப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது. ஒரு வாய் இட்லியால் ஒன்றும் ஆகாது என்பது டாக்டரம்மா சொன்னதிலிருந்தே தெரிகிறது, ஆனாலும் அடுத்த முறை போகும்போது இதையும் கேட்டுவிடுவேன். திவ்யா, நீ இதைப் படித்தால் உன் மாமியார் மேல் கோபப்படாதே. தப்பு என் பேரில் இருக்கட்டும். கடித்த இட்லியைத் தட்டில் வைத்தவன் நான்.

வருகிற வாரம் எனக்கு அந்த இடத்தைச் சீவி எடுக்கிறார்கள். எடுத்த பிறகு சதையை மறுபடி பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்வார்களாம். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் இல்லையென்று சொல்வானேன். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்குக் குழைந்த சோறுதான், அதுவும் நன்றாக ஆறின பிறகுதான். யாழினிக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு. பல் டாக்டரிடமும் போக ஆரம்பித்துவிட்டேன், அவர் என் வாயைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார், ஆனாலும் வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் உன் அம்மாவும் வருகிறோம். இந்தத் தடவை கொரட்டூரில் இறங்கிவிடுவோம். நீ கதவைத் திறந்தால் போதும், பேச வேண்டும் என்றுகூட இல்லை. யாழினிக்கென்று ஒரு சின்ன ஸ்பூன் வாங்கி வைத்திருக்கிறேன், அதை நானே கொண்டுவருகிறேன். திவ்யாவைச் சோறு குழைத்து வைக்கச் சொல். குழந்தையை மடியில் வைத்து நான் ஊட்டுகிறேன். சூடு ஆறிவிட்டதா என்று மட்டும் நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல். எனக்குச் சூடு தெரியாது.

அப்பா